மூடாத முக்கோணங்கள்

வடகோடிப் பனிக்கடல் ஓரத்தில் இருந்த அந்த ஊரின் கணினிகளில் எல்லாம் தன் அண்ணனுடைய கையெழுத்தை அழித்துக்கொண்டே வந்தாள் யூலாலி. பள்ளிக்கூடத்தில் தொடங்கி மருத்துவ நிலையம், கூட்டுறவுக் கடை, மாதா கோயில், விமான ஓடுபாதைக் கொட்டகை என்று ஒவ்வொன்றாக முடித்தாயிற்று. வேலை என்னவோ சின்னதுதான். பழைய எழுத்துருவை நீக்க வேண்டும், கணினியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். புதிய எழுத்துகள் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். போன இடமெல்லாம் அவளுக்குத் தேநீர் கொடுத்தார்கள். கடைக்காரப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "அய்யே, எல்லாம் பூசைக்கு வந்த மாதிரி வெறைப்பா நிக்குது" என்றாள். யூலாலியும் சிரித்துவைத்தாள்.

ஊர் அறிய இனி மிச்சம் இருந்தது ஒரே ஒரு கணினி. அது அவள் அண்ணி அகத்தாவின் வீட்டில், சமையலறை மேசைமேல் இருந்தது. அதிலும் நீக்கிவிட்டால் அண்ணன் கைபட்ட எழுத்து எந்தத் திரையிலும் இராது.

அண்ணனின் பெயரை இப்போதைக்கு இங்கே சொல்ல முடியாது. செத்தவர் பெயர் ஒரு பிள்ளைக்குப் போய்ச் சேரும்வரை யார் வாயிலும் வரக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். ஊரில் எல்லா வீடுகளிலும் இப்போது அப்படி இல்லை. இந்த வீட்டில் உண்டு. அவன் போய் இரண்டு குளிர்காலம் ஆகியும் பெயர் வெளியிலேயே அலைந்துகொண்டிருந்தது. ஆகவே யூலாலிக்கு அவன் அண்ணன். அகத்தாவுக்கு அவர். ஊருக்கு ரேடியோக்காரர்.

ஊர் வானொலியில்தான் அவன் வேலை பார்த்தான். சூரியன் தலைகாட்டாத ஒரு குளிர்காலம் முழுக்க, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே, வானொலி அறையில் உட்கார்ந்து அந்த எழுத்துகளை வரைந்தான். குட்டி முக்கோணங்கள், கொக்கிகள், வில்கள். கடற்கரை நெடுக எல்லா ஊர்க்காரர்களும் எழுதுகிற எழுத்துதான். ஆனால் தெற்கே யாரோ இவற்றுக்கெல்லாம் கணினியில் ஆளுக்கோர் எண் கொடுத்தபோது, இந்த ஒரு ஊரில் மட்டும் நாக்கை மடித்துச் சொல்லும் ஒலி ஒன்று உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஒலியின் எழுத்துகளுக்கு எண் இல்லை. எண் இல்லாததால் கணினியில் இடம் இல்லை. குடும்பத்தைப் பிரிக்க வேண்டாமென்று அண்ணன் எல்லா எழுத்துகளையுமே பிறத்தியார் வீட்டில் குடிவைத்தான். சதவீதக் குறி இருந்த இடத்தில் ஒன்று, ஆச்சரியக்குறி இருந்த இடத்தில் ஒன்று, இப்படி. விசைப்பலகையில் சதவீதத்தைத் தட்டினால் திரையில் ஊர் எழுத்து வரும்.

அவன் இடது கைக்காரன். அதனால் எழுத்துகள் எல்லாம் எதிர்க்காற்றில் நடப்பவர்கள்போல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. முக்கோணங்களின் உச்சி மூடவே மூடாது. சின்ன இடைவெளி ஒன்று விட்டிருப்பான்.

"ஏண்ணா மேல மூடல?" என்று யூலாலி அப்போது கேட்டிருக்கிறாள்.

"கூடாரத்துக்குள்ள டீ போடறவங்க இருப்பாங்கல்ல. புகை போக வேணாமா?"

அதற்குப் பிறகு பனிக்கட்டி நிலவரம், விமானம் வராத செய்தி, காணாமல் போன நாய், ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு, எல்லாவற்றையும் ஊர் அவன் கையெழுத்தில்தான் படித்தது. பள்ளிப் பிள்ளைகள்கூட முக்கோணத்தை மூடாமல்தான் எழுதினார்கள்.

ஊரைத் தாண்டினால் கதை வேறு. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனதும் எழுத்துகள் மறுபடி சதவீதமும் ஆச்சரியமுமாக உதிர்ந்துவிடும். தெற்கு மருத்துவமனைக்கு அனுப்பிய பெயர்கள் அங்கே கணக்குப் பாடமாக இறங்கின. கைபேசிகள் வந்த பிறகு இன்னும் மோசம்; அவற்றுக்குள் இந்த எழுத்துருவைப் போடவே முடியவில்லை. அப்போதுதான் அண்ணனும் தங்கையும் சேர்ந்து, எங்கள் எழுத்துகளுக்கும் சொந்த எண் வேண்டும் என்று தெற்கே விண்ணப்பம் போட்டார்கள். விண்ணப்பம் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே அவனுக்கு இருமல் வந்தது. விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது ஆரஞ்சுப் பழப்பெட்டிகளுக்கும் குழந்தைகளுக்கான அணையாடை மூட்டைகளுக்கும் நடுவில், நீளமான பெட்டியில் வந்தான்.

அடுத்த குளிர்காலத்தில், எண் கொடுக்கும் எழுத்துக் குழுவினர் தெற்கேயிருந்து அழைத்தார்கள். ஊரிலிருந்து இணைப்பு மந்தம்; படம் வராது, குரல் மட்டும்தான். யூலாலி தான் வேலை பார்க்கும் ஊர் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து பேசினாள். அவர்கள் நல்லவர்கள். பொறுமையாகக் கேட்டார்கள். எண்கள் கொடுப்பதில் யாருக்கும் தடை இல்லை என்றார்கள். கேள்வி வடிவத்தில்தான். பழைய பாதிரிமாரின் செபப் புத்தகத்தில் முக்கோணம் நிமிர்ந்து, மூடியிருக்கிறது. நீங்கள் அனுப்பிய அறிவிப்புகளில் சாய்ந்து, திறந்திருக்கிறது. எதை மாதிரியாக வைத்துக்கொள்வது?

"திறந்ததை" என்றாள் யூலாலி. "ஊர்ல எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்க."

"ரொம்ப நல்லதுங்க. இதை வரைஞ்சவர் யாருன்னு சொல்லுங்க, எழுதிக்கிறோம். அவர் பேர் போதும்."

அவள் வாய் திறந்தது. பெயர் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. இன்னும் எந்தப் பிள்ளையும் அதை வாங்கிக்கொள்ளவில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் மீனை எடுத்துப் போடுவதுபோல அதை எப்படி வெளியே விடுவது?

"எங்க ஊர்க்காரர் ஒருத்தர்" என்றாள்.

"சரிங்க. பேர்?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா? பேர் இல்லன்னா அது யாரோ ஒருத்தரோட கையெழுத்துன்னுதான் ஆகும். அப்ப செபப் புத்தகத்துல இருக்கறதையே வச்சுக்கலாமா?"

யூலாலி மூக்கைச் சுருக்கினாள். அந்த ஊரில் புருவத்தை உயர்த்தினால் ஆமாம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அவள் தன் பலம் முழுவதையும் மூக்கில் கொண்டுவந்து சுருக்கினாள். கண்ணில் நீர் வழிந்தது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு ஒரு குரல், "மறுப்பு இல்லை, அடுத்ததுக்குப் போகலாம்" என்றது.

எண்கள் வந்தன. கைபேசிகளில் தாமாகவே எழுத்துகள் வந்திறங்கிய அன்று ஊர்க் கூடத்தில் விருந்து. உறைந்த மீனையும் மான் இறைச்சியையும் அட்டைகள்மேல் பரப்பி, ஆளுக்கொரு கத்தியோடு சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தெற்கே கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் ஊர் எழுத்திலேயே வாழ்த்து அனுப்பினார்கள். ஒரு சதவீதக் குறிகூட இல்லை. எல்லோரும் யூலாலியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். முக்கோணங்கள் நிமிர்ந்து, மூடி, அழகாக இருந்தன. மறுவாரம் பள்ளிக்கூடத்தில் புதிய எழுத்து அட்டையை மாட்டினார்கள். உச்சியை மூடாமல் எழுதிய பிள்ளைகளிடம், சரியாக மூடும்படி ஆசிரியை சொன்னாள்.

இப்படியாகத்தான் பழைய எழுத்துருவை நீக்கும் வேலை யூலாலியின் தலையில் விழுந்தது. அது கிடக்கும் கணினியில் எழுதினால் இன்னும் பழைய குழப்பம்தான் வெளியே போகும். எல்லோரும் சம்மதித்தார்கள், அகத்தாவைத் தவிர. வேட்டைக்காரர் சங்கத்துக்குப் பனிக்கட்டி நிலவரத்தை எழுதி எல்லோருடைய கைபேசிக்கும் அனுப்புவது அகத்தாவின் வேலை. "அண்ணி, இன்னைக்கு எடுத்துடட்டுமா?" என்று கேட்கும்போதெல்லாம், "இப்ப இல்ல" என்பாள். ஏன் என்று சொல்ல மாட்டாள்.

யூலாலி வற்புறுத்தவில்லை. அகத்தா எழுதுவதை முதலில் தன் அலுவலகத்துக்கு வாங்கி, புதிய எழுத்தில் மறுபடி தட்டி, பிறகு ஊருக்கு அனுப்பினாள். தினமும் காலையில் அதுதான் முதல் வேலை. யாருக்கும் தெரியாது.

யாருக்கும் தெரியாத இன்னொன்றும் உண்டு. அவளுடைய அலுவலகக் கணினியில் அண்ணனின் எழுத்துரு அப்படியே இருந்தது. அதை வைத்து அவள் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள். அவன் வரைந்த எழுத்துகளைப் பிறத்தியார் வீடுகளிலிருந்து கிளப்பி, ஒவ்வொன்றையும் அதனதன் சொந்த எண்ணில் கொண்டுபோய் உட்காரவைப்பது. அது முடிந்தால் அகத்தாவின் கணினியில் அண்ணன் கையெழுத்தே இருக்கும். ஆனால் அங்கிருந்து போகும் செய்தி யாருக்கும் குழம்பாது. அண்ணன் இருந்திருந்தால் ஒரு மதியத்தில் முடித்திருப்பான். அவளுக்கு அந்த வித்தை தெரியாது. தப்பும் தவறுமாகத்தான் கற்றுக்கொண்டாள். ஒரு எழுத்தை நகர்த்தினால் அதன் கொக்கி உடைந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. முதுகு வலிக்கும். ஆனாலும் அந்தச் சாய்ந்த கோடுகளைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டுவதுபோல இருக்கும்.

ஒருநாள் காலை அப்படி ஓர் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள், அகத்தாவின் செய்தி வந்ததைக் கவனிக்கவில்லை. வாங்கி அனுப்பாவிட்டால் நேரத்துக்குத் தானாகவே போய்விடும்படி அவளே அதைப் பொருத்தியிருந்தாள். போய்விட்டது. கரைமுனைக்கு அப்பால் பனிக்கட்டி பிளந்து கடல் தெரிகிறது, யாரும் போக வேண்டாம் என்று அகத்தா எழுதியிருந்தாள். ஊரின் கைபேசிகளில் வரிசை வரிசையாகச் சதவீதக் குறிகள் வந்து விழுந்தன.

பாபியன் அதைப் பார்த்துவிட்டுப் பனிவண்டியைக் கிளப்பிக்கொண்டு முனைக்கே போய்விட்டான். அவன்தான் வேட்டைக்காரர் சங்கத் தலைவன். வண்டி தண்ணீருக்குள் போயிற்று. அவன் மட்டும் விளிம்பைப் பற்றி ஏறி, உருண்டு, காலுறையோடு நடந்து வந்தான். வழியில் வேறொரு வண்டிக்காரர் பார்த்து ஏற்றிக்கொண்டதால் விரல்கள் தப்பின.

மறுநாள் பாபியனும் யூலாலியும் அகத்தாவின் வீட்டுக்குப் போனார்கள். பாபியன் தன் மனைவியின் பூட்சைப் போட்டுக்கொண்டிருந்தான், பூப்போட்ட பூட்ஸ். அகத்தா மாவைப் பிசைந்துகொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க நாத்தனாரே. கொலைகாரக் கையோட வந்திருக்கீங்க. மொதல்ல டீ குடிங்க." பிறகு பாபியனின் காலைப் பார்த்தாள். "இது யாரு, புதுப் பொண்ணா?"

"உன்னால வந்ததுதான்" என்றான் பாபியன். "நான் கொறை சொல்லல அகத்தா. ஒரே சதவீதமா வந்துச்சா, ஐஸ் நூறு சதவீதம் நல்லாருக்குன்னு எழுதியிருக்கேன்னு நெனச்சுக் கெளம்பிட்டேன்."

அகத்தா சிரித்தாள். மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு சட்டென்று அடுப்பின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். வெகுநேரம் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"தப்பு என்னோடது" என்றாள் யூலாலி. "நான் பார்த்து அனுப்பியிருக்கணும். ஆனா இப்படியே ஓட்ட முடியாது அண்ணி. இவர் பொழைச்சு வந்தார். அடுத்தவரும் வருவாரா?"

"நல்லா பேசற. தெக்கத்திக்காரங்க கேட்டப்ப இந்த வாய் எங்க போச்சு? அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் எழுத்து எல்லார் போன்லயும் இருந்திருக்கும். இன்னைக்கு நீ அழிக்கறதுக்கு வந்து நிக்க வேணாம்."

யூலாலியின் முகம் செத்துவிட்டது. "நீங்களா இருந்தா பேரச் சொல்லியிருப்பீங்களா?"

அகத்தாவின் மூக்கு மெல்லச் சுருங்கியது. அதோடு கோபம் இறங்கிவிட்டது. மாவை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"பிரிஸ்கா வரட்டும்" என்றாள். "அதுவரைக்கும் இந்த மிஷின்ல நான் எதையும் அனுப்பல. ஐஸ் நெலவரத்த வீடு வீடா நடந்து போய் சொல்றேன். காலு இருக்குல்ல. பாபியனுக்கு மட்டும் காதுல ரெண்டு தடவை சொல்றேன்."

பிரிஸ்கா அகத்தாவின் தங்கை மகள். தலைச்சன் பிரசவத்துக்குத் தெற்கே போயிருந்தாள். அவள் வருவதற்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்று யூலாலிக்குப் புரியவில்லை. அண்ணிக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும், ஒரு சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தாள். உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதற்குள் தன் வேலையை முடித்துவிடலாம்.

அகத்தா சொன்னபடி நடந்தாள். தினமும் காலையில் மேலங்கியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கதவையும் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டி, "முனைப் பக்கம் போகாதீங்க, மேக்க பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஊர் அவளைக் கிண்டல் செய்தது. புருஷனாவது உட்கார்ந்த இடத்திலிருந்து பேசினான், இவள் கால் முளைத்த ரேடியோ என்றார்கள்.

பிரிஸ்கா வருகிற அன்று பாதி ஊர் ஓடுபாதையில் நின்றது. யூலாலியும் போயிருந்தாள், முந்தின நாள்தான் கடைசி எழுத்தை உட்காரவைத்து முடித்திருந்தாள். பிரிஸ்கா விமானத்திலிருந்து இறங்கினாள். மேலங்கியின் முதுகுப்பைக்குள்ளிருந்து சிவந்த முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. பெண் குழந்தை. ஊர்க்காரர்கள் வரிசையாக வந்து, அந்தக் கடுகளவு கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அகத்தா எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். குழந்தையின் முகத்துக்கு நேரே குனிந்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்:

"உக்ழுக்."

இரண்டு குளிர்காலமாக யாரும் சொல்லாத பெயர். பெயரை வாங்கிக்கொண்ட பிள்ளை ஆணோ பெண்ணோ, இனி அந்த ஆளேதான்.

"வாங்க வீட்டுக்காரரே" என்றாள் அகத்தா. "இவ்வளவு நாளா எங்க சுத்திட்டு வர்றீங்க?"

எல்லோரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள், பேசினார்கள். "பெரியப்பா வழி பூரா ஒரே அழுகை" என்றாள் பிரிஸ்கா. "பக்கத்து சீட்டுக்காரர் எறங்கி நடந்தே வந்துடறேன்னாரு." பாபியன் குழந்தையின் கையைக் குலுக்கி, "உக்ழுக், எங்கிட்ட வாங்கிட்டுப் போன தூண்டில மொதல்ல குடு" என்றான். ஆளாளுக்கு அந்தப் பெயரைச் சொன்னார்கள். நாக்கு மடிந்து மடிந்து நிமிர்ந்தது. பசித்துக் கிடந்தவர்கள் சாப்பிடுவதுபோல இருந்தது.

அகத்தா அப்போதுதான் கனவைச் சொன்னாள். பனி விழத் தொடங்கியபோது, பிரிஸ்கா தன் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த சமயம் கண்ட கனவு. அவர் வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கொடு என்றார். குவளையை எங்கே கொண்டுவந்து வைக்க என்று அகத்தா கேட்டாள். அவர் தூங்கிக்கொண்டிருந்த பிரிஸ்காவின் பக்கம் கையைக் காட்டினார். செத்தவர்கள் தாகம் என்று வந்து கேட்டால் அவர்கள் பெயருக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று அர்த்தம். பிள்ளை பூமிக்கு வரும்முன் அதை வெளியே சொல்லக்கூடாது.

யூலாலியின் முறை வந்தது. அவள் குழந்தையின் கையைப் பிடித்தாள். உக்ழுக் என்று பெயர் வைத்தாகிவிட்டது. ஆகவே அவளுக்கு இது அண்ணன். அப்படித்தான் கூப்பிட வேண்டும். அவளுக்கு வாய் வரவில்லை. கையைக் குலுக்கிவிட்டு நகர்ந்தாள். அகத்தா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அகத்தாவே கூப்பிட்டாள். "வா. வந்து எடுத்துடு."

யூலாலி போனபோது மேசை துடைத்துக் கிடந்தது. கணினியின் பக்கத்தில் இரண்டு குவளைத் தேநீர். அவள் பழைய எழுத்துருவை நீக்கினாள். உடனே சட்டைப்பையிலிருந்து சிறிய நினைவுக்குச்சியை எடுத்துச் செருகினாள். தான் செய்திருந்ததைப் போட்டுவிட்டு, அகத்தா எழுதித் தான் புதிய எண்களில் மறுபடி தட்டியிருந்த நிலவரம் ஒன்றைத் திறந்து காட்டினாள். எழுத்துகள் காற்றுக்கு எதிராகச் சாய்ந்து நடந்தன. முக்கோணங்களின் உச்சி திறந்திருந்தது.

"இது பழசு இல்ல அண்ணி. நானே மாத்தினது. எல்லாம் அதது எடத்துல இருக்கு. நீங்க அனுப்பினா ஊர்ல எல்லாருக்கும் ஒழுங்காப் போகும். உங்களுக்கு மட்டும் அண்ணன் கையில தெரியும்."

அகத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முக்கோணம் ஒன்றின் உச்சியில், இடைவெளி இருந்த இடத்தில், விரல் நுனியை வைத்தாள்.

"நல்லா பண்ணியிருக்க" என்றாள். "அவரே பண்ண மாதிரி இருக்கு."

யூலாலி நினைவுக்குச்சியை உருவிச் சட்டைப்பையில் போட்டாள்.

"இதையும் எடுத்துடு யூலா."

"ஏன்?"

"அவருக்கு ஒரு வீடு கெடச்சிருச்சு. அங்க நிம்மதியா குடியேறட்டும். ஒரு காலப் புடிச்சு நாம இங்க வச்சுக்கிட்டா பிள்ளை நோஞ்சானா போயிடும். பாதிதான் வந்து சேரும்."

"இது வெறும் எழுத்து அண்ணி!"

"வெறும் எழுத்துன்னா எதுக்குடி முதுகு ஒடிய இத்தன நாளா ஒக்காந்த?"

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ நாய்களை அதட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப நீங்க மட்டும் எதுக்கு இத்தன நாளா எடுக்க விடல?" என்றாள் யூலாலி. குரல் உடைந்துவிட்டது. "பாபியன் சாகப் பார்த்தார். அப்பவும் விடல."

"தங்கறதுக்கு ஒரு எடம் வேணும்ல" என்றாள் அகத்தா. "பேரும் இல்லாம, ஒடம்பும் இல்லாம, எங்க போவார்? வெளிய குளுரு."

ஊர் முழுக்க அவள் புருஷன் கையெழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்றல்லவா நினைத்திருந்தது. யூலாலியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். கட்டிக்கொண்டிருந்தது யார் என்று இப்போது தெரிந்தது. அவள் விசையை அழுத்தினாள். திரை ஒருமுறை கண் சிமிட்டியது. எழுத்துகள் நிமிர்ந்து, மூடிக்கொண்டு நின்றன.

அகத்தா இரண்டு விரலால் மெல்லத் தட்டி, நாளைக் காற்றைப் பற்றி ஒரு வரி எழுதினாள். எழுதியதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "எழுத்தோட பேரெல்லாம் தெரியுது" என்றாள். "மூஞ்சிதான் யாருன்னு தெரியல." அனுப்பினாள். யூலாலியின் பையில் கைபேசி அதிர்ந்தது. ஒரு குழப்பமும் இல்லாமல் வந்திருந்தது.

கிளம்பும்போது அகத்தா வாசல்வரை வந்தாள். "ஆபீஸ்ல வச்சிருக்கியே, அதையும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து அவர் கையப் புடிச்ச. கூப்பிடலையே."

அலுவலகத்தில் யூலாலி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அவளுக்கு எப்போதோ அனுப்பிய சின்னச் செய்தி ஒன்றை எடுத்துப் படித்தாள். மாவு தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கி வா, கடையில் அந்த வாயாடியிடம் மாட்டிக்கொள்ளாதே. அவ்வளவுதான். எழுத்துகள் சாய்ந்திருந்தன. பிறகு ஒவ்வொன்றாக நீக்கினாள். பழையதை, தான் இடம் மாற்றியதை, பாதியில் உடைந்துபோன முயற்சிகளை, நினைவுக்குச்சியில் இருந்ததை. மறுபடி அந்தச் செய்தியைத் திறந்தபோது அது சதவீதக் குறிகளாகக் கிடந்தது. அவளே ஒவ்வொரு குறியாக மாற்றித் தட்டினாள். மாவு தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கி வா. அதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

அங்கிருந்து நேரே பிரிஸ்காவின் வீட்டுக்குப் போனாள். வெயில் கண்ணைப் பறித்தது. கையுறையை எங்கேயோ வைத்துவிட்டாள். திரும்பிப் போய் எடுக்கவில்லை.

பிரிஸ்கா அடுப்பில் தேநீர்ப் பானையை வைத்திருந்தாள். குழந்தை கட்டிலில் மான்தோல்மேல் விழித்துக் கிடந்தது. "வா அத்தை" என்றாள் பிரிஸ்கா. "பெரியப்பா இப்பத்தான் வயிறு முட்டக் குடிச்சாரு. நல்ல மூடுல இருக்காரு, பேசு."

யூலாலி மண்டியிட்டுக் குனிந்தாள். குழந்தையின் கன்னத்தில் விரலை வைத்தாள்.

"அண்ணா" என்றாள். சத்தம் வெளியே வரவில்லை. மறுபடி சொன்னாள். "அண்ணா."

குழந்தை முகத்தைச் சுளித்து வீரிட்டது.

"அய்யோ, கையக் காய வச்சுட்டுத் தொடு அத்தை, ஐஸா இருக்கு" என்று பிரிஸ்கா ஓடிவந்து தூக்கிக்கொண்டாள். "ஒண்ணுமில்ல பெரியப்பா, ஒண்ணுமில்ல. தங்கச்சிதான். தங்கச்சிதான் வந்திருக்கா."

யூலாலி எழுந்துபோய் அடுப்புக்கு நேரே இரண்டு கைகளையும் நீட்டினாள். அவளுக்குப் பின்னால் அழுகை குறைந்து, விக்கலாகி, நின்றது. கைகள் சூடேறிவிட்டன. அவள் திரும்பாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.